மொட்டைமாடிச் சாவி வைத்திருப்பவர்களுக்கு

தாராவி அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டிகளின் தலைவர், செக்ரட்டரி, பொருளாளர் அண்ணாச்சிமாருக்கும், குழுவில் இருக்கிற அக்காமாருக்கும் எழுதுவது.

தொண்ணூறடி ரோட்டிலும் கிராஸ் ரோட்டிலும் உங்களில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சுயரக் குழாய் ஒன்றைப் போர்வையில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, "லிப்ட் ஓடுதா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டு நிற்கிற ஆள் நான்தான். போர்வைக்குள் இருப்பது தண்ணீர்க் குழாய் என்று நினைத்தவர்கள் உண்டு. அது ஆறு அங்குலக் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கி.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மாதத்தில் இரண்டு இரவு, ஏழு மணி முதல் பத்து மணி வரை, உங்கள் மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும். உங்கள் கட்டடத்துப் பிள்ளைகளோடு, எதிர்க் கல்லியில் தகரக்கூரைக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளையும் மேலே விட வேண்டும். இந்த இரண்டாவது கோரிக்கையில்தான் சண்டை வரும் என்று தெரியும். அதைப் பிறகு பேசலாம்.

"மும்பையில் வானத்தைப் பார்த்து என்ன கிடைக்கப் போகுது?" என்று கேட்காத செக்ரட்டரி இல்லை. நியாயமான கேள்விதான். பாந்த்ரா–குர்லா வளாகத்துக் கண்ணாடிக் கட்டடங்களும், சயான் பக்கத்து விளம்பரப் பலகைகளும், நெடுஞ்சாலை விளக்குகளும் சேர்ந்து நம் தலைக்கு மேலே இரவு முழுக்க ஒரு செஞ்சாம்பல் நிறத்தைப் பூசி வைத்திருக்கின்றன. வானத்தின் இருட்டை ஒன்பது படியாகப் பிரிக்கிற போர்ட்டல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. முதல் படி ஆளரவமற்ற பாலைவன இருட்டு, ஒன்பதாம் படி பெருநகரத்தின் நடுமையம். நாம் ஒன்பதில் இருக்கிறோம். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பால்வீதியைப் பார்க்க ஆசைப்பட்டால் கர்ஜத் லோக்கல் பிடித்து வாங்கணி போக வேண்டும். ஹாலி வால்வெள்ளி வந்த 1986-ஐ ஒட்டித் தொடங்கிய ககோல் மண்டல் என்ற மும்பை அமைப்பினர், பல்லாண்டுகளாக அங்கே விடிய விடிய வானம் காட்டி வருகிறார்கள். அருமையான வேலை. ஆனால் பத்தாவது படிக்கிற பெண்பிள்ளையை ராத்தங்கலுக்கு வெளியூர் அனுப்ப நம்மில் எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? டியூசனுக்கே தம்பியைத் துணைக்கு அனுப்புகிற வீடுகள் நம்முடையவை.

ஒன்பதாம் படி வானத்துக்கும் ஒரு எல்லை உண்டு. மங்கலான, பரந்து கிடக்கிற பொருள்களைத்தான் அது விழுங்கும்: நெபுலாக்கள், அண்டங்கள், வால்வெள்ளியின் வால். சந்திரன், வெள்ளி, வியாழன், சனி, செவ்வாய் ஆகியவற்றின் மீது அதன் கை ஓங்காது. அவை சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பொருள்கள்; நம் தெருவிளக்குகள் வானத்தில் பூசுகிற வெளிச்சம் அவற்றின் முன்னே ஒன்றுமில்லை. கோள்களைப் பார்க்க வேண்டியது இருட்டைவிட, அசையாத காற்று. புகை மூட்டமான மும்பைக் குளிர்கால இரவுகளில் காற்று பல நேரம் அப்படியே உறைந்து நிற்கும். கும்பார்வாடாச் சூளைப் புகைக்கு நடுவே வியாழனின் மேகப் பட்டைகள் கோடு போட்டதுபோலத் தெரிந்த இரவுகள் உண்டு. அந்தப் புகையை நான் நியாயப்படுத்தவில்லை, அது நம் நுரையீரலுக்குக் கேடுதான். ஆனால் வியாழனுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதே ஊரில் ஒரு கதை நடந்திருக்கிறது. கொலாபாவில் 1826-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு ஆய்வுக்கூடம் கட்டியது. பூமியின் காந்தப்புலத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் அளந்து வந்த இடம் அது. பம்பாய் டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டுவது என்று முடிவானதும், கம்பியில் ஓடும் மின்சாரம் காந்த ஊசியைக் குழப்பிவிடும் என்று 1904-இல் அந்த வேலையை அலிபாகுக்கு மாற்றிவிட்டார்கள். நகரம் வளர வளர அந்தக் கருவிகளுக்கு இங்கே இடமில்லாமல் போனது. என் தொலைநோக்கிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதற்குப் பூட்டுதான் பிரச்சினை.

என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். சந்திரனைப் பௌர்ணமி அன்று பார்க்கக் கூடாது. அன்று வெயில் நேராக விழுவதால் நிழலே இல்லாமல் வெளுத்துப் போயிருக்கும். வளர்பிறை அட்டமியைச் சுற்றிய மூன்று நான்கு நாள்தான் நல்ல நாள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் கரிய நிழல் நிரம்பிக் கிடக்கும். பாதி நிலா அன்று அந்தக் கோட்டுக்கு அருகே தாலமி, அல்போன்சஸ், அர்சாகெல் என்று மூன்று பெரும்பள்ளங்கள் வரிசையாக நிற்கும். தாலமியின் குறுக்களவு ஏறக்குறைய 150 கிலோமீட்டர், சாலை வழியாக இங்கிருந்து பூனா போகிற தூரம். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்–3 இறங்கியதைப் பள்ளிக்கூடங்களில் திரை கட்டிக் காட்டினார்கள், பிள்ளைகள் கை தட்டினார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று நம் ஆட்கள் மார் தட்டினோம். அதே வாரத்தில் நம் பிள்ளைகளில் ஒருவர்கூடச் சந்திரனின் ஒரு பள்ளத்தைத் தன் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். மழைக்காலம் என்பது பாதிக் காரணம்தான்.

சனியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

போன குளிர்காலத்தில் ஒரு கட்டடத்தில் மாடி திறந்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பாந்த்ரா–குர்லா வளாகத்து வெளிச்சம் நேரே அடிக்காத மூலையாகப் பார்த்துக் கருவியை வைத்தேன். பிள்ளைகள் பார்த்து முடித்ததும், நாலாவது மாடி அத்தை ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம், அப்பளம் போட்டு வாழ்கிறவர். என்ன காட்டுகிறாய் என்று கேட்டார். சனி என்றேன். சட்டென்று இரண்டடி பின்னால் போய்விட்டார். "ஐயோ, சனீஸ்வரனை நேருக்கு நேர் பாக்கக் கூடாதுப்பா, கோயில்லயே சைடுல நின்னுதான் கும்பிடுவோம்." எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். காரணம், அவர் சொன்னதற்குக் கருவியே வழி வைத்திருக்கிறது. நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் வெளிச்சம் குழாயின் அடியில் இருக்கிற குழிந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மேலே உள்ள சிறு சாய்ந்த கண்ணாடியால் பக்கவாட்டில் வெளியே வருகிறது. பார்க்கிறவர் குழாயின் விலாவில் நின்று பார்ப்பார். சனி ஒரு பக்கம், அவர் முகம் வேறு பக்கம். "அத்தை, நீங்க சனிக்கு நேரா நிக்கவே வேண்டாம், சைடுலதான் பார்க்கணும்" என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதென்ன, தாலிக்குண்டுக்கு வளையம் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்ன அளவும் சரி. சனி பெரிதாகத் தெரியாது. படங்களில் பார்த்துப் பழகியவர்கள் இதனால் ஏமாறுவார்கள். நடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு குண்டுமணி, அதைச் சுற்றித் தொடாமல் நிற்கிற மெல்லிய வளையம், கொஞ்சம் தள்ளி டைட்டன் என்ற துணைக்கோள் புள்ளியாக. 2025 மார்ச்சில் வளையம் நம்மை நோக்கி விளிம்பைக் காட்டிக்கொண்டு ஏறத்தாழ மறைந்தே போனது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்துவருகிறது. 2032 வாக்கில் முழுசாக விரிந்து நிற்கும். இன்றைக்கு மூன்றாவது படிக்கிற பிள்ளை பள்ளி முடிப்பதற்குள் அதை ஒவ்வொரு வருசமும் பார்த்து, மாறுவதைத் தானே கண்டுகொள்ளலாம். பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் அன்று அத்தை கண்டுபிடித்தார். "ஓடுதே!" சனி கண்ணாடியின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. அது ஓடவில்லை, நம் மாடியும் தண்ணீர்த் தொட்டியும் தாராவியும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறோம். நூறு மடங்கு பெரிதாக்கினால் இரண்டு நிமிடத்துக்குள் கோள் பார்வையை விட்டுப் போய்விடும். ஒவ்வொருவர் பார்த்த பிறகும் குழாயை விரலால் லேசாகத் தள்ளிவிட வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். பூமி சுழல்வதை இவ்வளவு தொந்தரவாக உணர்த்துகிற வகுப்பு வேறு கிடையாது.

நம் கல்யாணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோம். பகல் பத்து மணிக்கு, ஹாலின் பொய்க்கூரையைக் காட்டி "பாத்தாச்சா" என்பார் ஐயர். "பாத்தாச்சு" என்பார்கள் இருவரும். சித்திரை, வைகாசி மாலைகளில் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரமாக நிற்கும்போது, வசிட்டரையும் அவருக்குப் பக்கத்தில் அருந்ததியையும் இங்கிருந்தே காட்டலாம். தொலைநோக்கியில் இன்னொரு சங்கதி வெளிப்படும்: வசிட்டரே ஒற்றை ஆள் இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு விண்மீன். 17-ஆம் நூற்றாண்டிலேயே தொலைநோக்கியில் கண்ட இரட்டை அது. புதுமாப்பிள்ளை, புதுப்பெண் யாராவது பார்க்க வந்தால் முதல் வரிசை அவர்களுக்கு.

ஊர் நினைப்பு உள்ளவர்களுக்கு அகத்தியர் இருக்கிறார். மாசி மாத முன்னிரவில் தெற்கே தாழ்வாக மின்னுகிற விண்மீன். மும்பை பூமத்திய ரேகைக்கு 19 பாகை வடக்கே இருப்பதால், இங்கே அகத்தியர் அடிவானத்திலிருந்து 18 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. திருநெல்வேலியில் அதே விண்மீன் 28 பாகைக்கும் மேலே நிற்கும். வடக்கே துருவ விண்மீனோ தலைகீழ்: அங்கே ஒன்பது பாகைக்குள் மரங்களுக்குப் பின்னால் கிடப்பது இங்கே 19 பாகை உயரம். ரயிலேறி இங்கே வந்த நம் பாட்டன்மார் எவ்வளவு தூரம் வடக்கே வந்தார்கள் என்பதை ஒரு கோணமானி இருந்தால் ஆறாவது படிக்கிற பிள்ளை மாடியிலிருந்தே அளந்துவிடும். ஆனால் 18 பாகை என்பது எதிரே இருபது மாடி நின்றால் மறைந்துவிடுகிற உயரம். தரையிலிருந்து அகத்தியரைப் பார்க்க முடியாது. கல்லியில் நின்று மேலே பார்த்தால் ஒரு முழ அகலத்துக்கு வானம், அதிலும் பாதி மின்கம்பி. தகரக்கூரை மேலே தொலைநோக்கியை வைக்க முடியாது, ஒருவர் மூச்சு விட்டாலே ஆடும். நாலு பேர் கூடி நின்று பார்க்கக்கூடிய உறுதியான தளம் தாராவியில் உங்கள் கைவசம்தான் இருக்கிறது.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

பூட்டு ஏன் வந்தது என்று எனக்கும் தெரியும். தண்ணி அடிக்கிற பையன்கள், சங்கராந்திக்குப் பட்டம் விட்டுக் கைப்பிடிச்சுவரில் ஏறுகிற பிள்ளைகள், தொட்டி மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறவர்கள், கேபிள் கம்பியை அறுத்தவர்கள். சொல்லாமல் விடுகிற காரணங்களும் உண்டு, காதலிக்கிற பிள்ளைகள் உட்பட. இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் மாதத்தில் முப்பது நாளும் பூட்டி வைப்பதற்கு இது காரணம் என்றால், பெரியவர்கள் நாலைந்து பேர் கூட இருக்கிற இரண்டு நாளுக்கு அது பொருந்தாது. மொட்டைமாடி சொசைட்டியின் பொதுஇடம். சாவி ஒருவர் வீட்டு ஆணியில் தொங்குவதால் அது அவர் வீடு ஆகிவிடாது.

"அடுத்த கட்டடத்து ஜன்னலைப் பார்ப்பார்கள்" என்று ஒரு அக்கா சொன்னார். நியாயமான பயம்தான், பெண்கள் இருக்கிற வீடுகளில் இது வரத்தான் செய்யும். என் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கல்லிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜன்னல் அளவு கிட்டத்தில் அது ஒழுங்காகத் தெளியவும் செய்யாது. எட்டிப் பார்க்க நினைக்கிறவனுக்குக் கையில் இருக்கிற போனே போதும். இருந்தாலும் குழாயை அடிவானத்துக்குக் கீழே சாய்க்க மாட்டேன், குழுவிலிருந்து ஒரு பெண் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஏழிலிருந்து எட்டரை வரை பெண்பிள்ளைகளுக்கும் அம்மாமாருக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் கடைசியில் பையன்கள் மட்டுமே பார்த்துவிட்டுப் போவார்கள்.

வெளியாளை ஏன் விட வேண்டும் என்பதுதான் பெரிய சண்டை. பராமரிப்புக் கட்டணம் நாங்கள் கட்டுகிறோம் என்பீர்கள். சரிதான். ஆனால் பத்துப் பதினைந்து வருசத்துக்கு முன்னால் நீங்களும் அதே கல்லியில்தான் இருந்தீர்கள். கல்லியிலிருந்து வருகிற பிள்ளைகளின் பெயரை வாட்ச்மேன் நோட்டில் எழுதட்டும், ஒரு தடவைக்கு இருபது பேர் என்று வரம்பு வையுங்கள். எல்லோருக்கும் காட்டுவது என்பது புதுப்பழக்கமும் இல்லை. நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன நிகழ்வு என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிய வைக்கச் சிறுநூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். வெள்ளைக்காரத் துரைகளுக்கு மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

ஜான் டாப்சன் என்று அமெரிக்காவில் ஒருவர். ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் இருபது வருசத்துக்கும் மேல் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்து மடத்துக்குள்ளேயே ரகசியமாகத் தொலைநோக்கி செய்தார். ஊரில் எல்லோருக்கும் காட்டக் கிளம்பியதில் மடத்து வேலைக்கு நேரம் போதவில்லை. 1967-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருசமே நண்பர்களோடு நடைபாதை வானியலாளர் என்று கூட்டம் சேர்த்து, தெருமுனையில் கருவியை நிறுத்தி, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுச் சந்திரனைக் காட்டினார். 2014-இல் இறக்கும்வரை இதே வேலை. என் கருவியின் அமைப்பு அவர் பெயரால்தான் வழங்குகிறது: அட்டைக்குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி, வழுக்கிச் சுழல டெஃப்லான் துண்டு. இவற்றில் எது நம் தேரா கம்பவுண்டுப் பழைய சாமான் கடைகளில் கிடைக்காது? கண்ணாடியைக்கூட வட்டக் கண்ணாடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, கையாலேயே முன்னும் பின்னும் தேய்த்துக் குழித்துவிடலாம். கடைசிக் கட்டத்தில் பிழை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். பொறுமையும் கைப்பதமும் இருந்தால் போதும். பூனாவில் உள்ள அயூகா வானியல் நிறுவனம் இதற்குப் பட்டறைகளே நடத்தியிருக்கிறது. தோல் வெட்டி, பானை வனைந்து, ஜரிகை தைத்துப் பழகிய கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. இதைச் செய்ய இடமும் மாடிதான், ஆனால் அது அடுத்த மனு.

மறுசீரமைப்புத் திட்டத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று பேச்சு நடக்கிறது. வீட்டுக்குள் எத்தனை அடி என்று எல்லாரும் கேட்கிறோம், கேட்க வேண்டியதும்தான். கட்டடம் முடியும்போது மேல்தளத்தில் யார் கால் வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில்கூட யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. கைப்பேசிக் கோபுரம், சூரியத் தகடு, பெரிய தொட்டி, இவற்றுக்கு நடுவே பத்துக்குப் பத்து காலி இடம் வரைபடத்திலேயே வேண்டும் என்று உங்களைப் போன்ற பழைய சொசைட்டிக்காரர்கள் எழுதிக் கொடுத்தால் எடுபடும். நான் தனியாளாக எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும்.

நாளும் குறித்துத் தருகிறேன். தீபாவளி எப்போதும் அமாவாசையை ஒட்டி வருகிறது. அது கழிந்து ஏழு, எட்டாம் நாள் பாதி நிலா, பட்டாசுப் புகையும் அடங்கியிருக்கும். அடுத்த சில வருசங்களுக்கு அந்தச் சமயத்து முன்னிரவில் சனியும் வானத்தில் உயரமாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, யாரும் தொந்தரவு செய்ய மாட்டோம். நான் கொண்டு வருவது கருவி, ஒரு ஏணிப்படி, டார்ச்சுக்குச் சுற்றச் சிவப்புக் கண்ணாடித்தாள். நீங்கள் செய்ய வேண்டியது மூன்று மணி நேரம் மாடி விளக்கை அணைப்பது, கைப்பிடிச்சுவரிலிருந்து ஆறடிக்கு இந்தப் பக்கம் ஒரு கயிறு கட்டுவது. பகலில் ஒருவரும் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது, கண் போய்விடும். அதனால் கருவியை மாடியில் விட்டுவைக்க மாட்டேன், அன்றன்றைக்கே இறக்கிவிடுவேன்.

பொதுக்குழுக் கூட்டத்தில் இந்த மனுவை எடுத்துக்கொள்ளும்போது என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி. கருவியையும் தூக்கிக்கொண்டு வருகிறேன், லிப்ட் ஓடினால்.

இப்படிக்கு,
உங்கள் எதிர்க் கட்டடத்துக்காரன்